தெளிப்போர் உடலுக்கும் பதிவேடு வேண்டும்

நெய்வேலிச் சுரங்கத்தில் இறங்கும் தொழிலாளி, பணியில் சேருமுன்னரே மருத்துவர்முன் நிற்கிறார். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும், அதன்கீழ் 1955இல் வகுக்கப்பட்ட விதிகளும் தந்த உரிமை அது. ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் அவர் மீண்டும் சோதிக்கப்படவேண்டும்; முடிவுகள் ஏட்டில் ஏறவேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் அனைவரையும் அந்த உரிமை முறையாகச் சென்று சேர்கிறதா என்பது தனி வினா. ஆயினும் ஏடு என்று ஒன்று உண்டு.

நெய்வேலி நகரியத்தின் எல்லையைத் தாண்டினால், வடக்கே காடாம்புலியூர், பண்ருட்டி வரை முந்திரித் தோப்புகள். தெற்கே சேத்தியாத்தோப்பு வரை நெல்லும் கரும்பும். அந்நிலங்களில் முதுகில் தெளிப்பானைச் சுமந்து நாள்கூலிக்கு மருந்தடிப்பவரின் உடல்நிலை எந்த ஏட்டிலும் இல்லை. இருபது ஆண்டுகள் மருந்தடித்த ஒருவர் குருதிப் புற்றுநோயோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் வாயிலில் நிற்க நேர்ந்தால், எந்த மருந்தை எத்தனை காலம் கையாண்டார் என்பதற்கு அவர் நினைவைத் தவிர வேறு சான்று கிடையாது.

அவர் தொழில் நடைபெறும் முறையை நோக்குக. முந்திரி பூக்கும் பருவத்தில் தேயிலைக் கொசு எனும் பூச்சி தளிரையும் பூங்கொத்தையும் தாக்குகிறது. மரமோ தலைக்கு மேல். ஆகவே தெளிப்பானின் முனையை மேல்நோக்கிப் பிடித்தே அடித்தாகவேண்டும். பீய்ச்சிய மருந்தில் ஒரு பகுதி இலையில் தங்க, மறுபகுதி அடிப்பவரின் முகத்திலும் தோளிலும் இறங்குகிறது. புட்டியின் மூடியே அளவுகோல். கையில் கிடைத்த குச்சியே கலக்கும் கருவி. ‘டேங்க்’ கணக்கில் கூலி பேசும் இடங்களில் வேகமே ஊதியம். வெயிலில் வேகத்தைக் குறைக்கும் கையுறையும் கவச உடையும் அங்கே கூலியைக் குறைப்பவை. மூக்கைச் சுற்றிய துண்டு ஒன்றே காப்பு. ஆனால், தெளிப்பவர் உடலுக்குள் நஞ்சு பெரும்பாலும் தோல் வழியாகவே புகுகிறது. நனைந்த சட்டையைத் துவைக்கும் மனைவியின் கைகளும் அதற்கு விலக்கல்ல.

அறிவியல் இதில் கூறுவதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லவேண்டும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2015இல் லிண்டேன் என்னும் பூச்சிக்கொல்லியைப் புற்றுநோய் விளைவிப்பது என்றே உறுதிபட வகைப்படுத்தியது; குருதிப் புற்றின் ஒரு வகையான நிணநீர்ப் புற்றோடு அதற்குள்ள தொடர்பே அவ்வகைப்பாட்டுக்கு அடிப்படை. மாலத்தியான், டயசினான், கிளைபோசேட் ஆகியவற்றை அதே ஆண்டில் ‘புற்றுநோய் விளைவிக்கக்கூடும்’ என்ற அடுத்த படியில் வைத்தது. பிரான்சு, நார்வே, அமெரிக்கா ஆகிய நாடுகளில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் மக்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வு, பெரும்பாலான மருந்துகளுக்கும் நிணநீர்ப் புற்றுக்கும் தெளிவான தொடர்பைக் காணவில்லை; டெல்டாமெத்ரின், கிளைபோசேட் உள்ளிட்ட சிலவற்றுக்கும் அப்புற்றின் சில வகைகளுக்கும் தொடர்பைக் கண்டது. இவ்வளவு நுட்பமாகப் பிரித்தறிய ஆய்வாளர்களால் எவ்வாறு இயன்றது? 1993இல் தொடங்கிய அமெரிக்க ஆய்வு, உரிமம் பெற்ற தெளிப்பாளர்களின் பட்டியலிலிருந்தே புறப்பட்டது. பட்டியல் இருந்தது, ஆகவே ஆய்வும் இருந்தது.

நம் நாட்டில் தெளிப்பவருக்குக் கிடைக்கும் எச்சரிக்கை, புட்டியின்மேல் உள்ள வண்ணக் குறியீடு. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசை நஞ்சின் கடுமையைக் காட்டுகிறது. எந்தக் கடுமையை? ஒரே தடவையில் உட்சென்றால் ஆய்வக விலங்குகளுள் பாதியைக் கொல்லும் அளவு எவ்வளவு என்பதை. சிறுகச் சிறுகப் பல ஆண்டுகள் உடலிற் சேர்ந்தால் எலும்பு மச்சைக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் யாது நேரும் என்பதை அக்குறியீடு உரைப்பதில்லை. பச்சையைக் கண்டு ‘இது சாது மருந்து’ என்று நம்புபவர்மீது குற்றமில்லை. அவருக்கு அரைச்செய்தியே தரப்பட்டிருக்கிறது.

உடனடிச் சாவு மட்டுமே நம் அரசுகளை அசைக்கிறது. 2017இல் மராட்டிய மாநிலம் யவத்மாலிலும், நம் அண்டையிலுள்ள பெரம்பலூரிலும் பருத்திக்கு மருந்தடித்தோர் மாண்டபோது விசாரணைகள் வந்தன. ஆண்டுகள் கழித்து வரும் நோய்க்கு அத்தகைய அசைவு இல்லை. தடைகளும் மெல்லவே வருகின்றன. டயசினான் 2018இல் தடைப்பட்டது. 2020 மே மாதம் 27 மருந்துகளைத் தடைசெய்ய வெளியிட்ட வரைவாணையில் மாலத்தியானும் இருந்தது. 2023இல் முழுத்தடை பெற்றவை மூன்றே, மாலத்தியான் அவற்றுள் இல்லை. தடை வந்தவுடன் கடைத்தட்டு காலியாகலாம். அதுவரை உழைத்தவர் உடல் பழைய கணக்கைச் சுமந்தே நிற்கும்.

சட்டம் அறவே இல்லை என்பதற்கில்லை. 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள், தெளிப்புப் பணியில் ஈடுபடுவோருக்கு மருத்துவச் சோதனையையும் காப்புடையையும் வலியுறுத்துகின்றன. இன்று ஒரு தோப்பு, நாளை ஒரு வயல் என்று செல்லும் கூலியாளுக்கு அவற்றை நிறைவேற்றித் தரும் முதலாளி யார்? அந்த வினாவிலேயே விதி உயிரிழக்கிறது. தனியொரு முதலாளி இல்லாத இடத்தில் அரசே அப்பொறுப்பை ஏற்கவேண்டும்.

கணக்கெடுப்பின் வலிமைக்குக் கேரளத்தின் காசர்கோடு சான்று. அங்கும் முந்திரி, அங்கும் தேயிலைக் கொசு. வானிலிருந்து எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்ட ஊர்களில் மருத்துவ முகாம்கள் நடத்திப் பாதிக்கப்பட்டோர் பட்டியலைக் கேரள அரசு வகுத்தது. அப்பட்டியல் இருந்தமையால்தான், 2017 சனவரியில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொருவருக்கும் ஐந்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு ஆணையிட இயன்றது. நெடுநாள் கழித்து வரும் நோய்க்கும் அரசு பொறுப்பேற்க இயலும் என்பதற்குப் பிரான்சு சான்று: அந்நாடு 2015இல் நிணநீர்ப் புற்றைப் பூச்சிக்கொல்லி கையாளும் வேளாண் தொழிலாளரின் தொழில்நோயாகவே ஏற்றது.

ஆகவே தமிழக அரசு செய்யத்தக்கவை தெளிவானவை. உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டையில் மருந்தடிப்போரைத் தனியே குறித்து, ஊராட்சிதோறும் பதிவேடு தொடங்கவேண்டும். பருவத்துக்கு முன்னும் பின்னும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குருதி அணுக்களின் எண்ணிக்கையும் கோலினெஸ்டரேசு எனும் நொதியின் அளவும் பார்க்கப்படவேண்டும். புற்றுநோய்ப் பதிவகத்தில், ‘கூலி’ என்ற ஒற்றைச் சொல்லோடு நில்லாமல், அடித்த மருந்தும் அடித்த ஆண்டுகளும் இடம்பெறவேண்டும். கடலூர் மாவட்டத்தில் இதனைத் தொடங்குவது பொருத்தம். இங்கே மருந்தோடு அனல்மின் நிலையச் சாம்பலும் மக்களின் மூச்சில் கலக்கிறது; எது எவ்வளவு தீங்கு செய்கிறது என்பதைப் பிரித்தறியாமல் எவரையும் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ கூறலாகாது. அந்த ஆய்வுக்கு, நெய்வேலியில் சுரங்கமும் அனல்மின் நிலையமும் நடத்தும் என்.எல்.சி. நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பங்கைக் கேட்பது முறையே.

சான்று முழுமை பெறட்டும், பின்னர் பார்ப்போம் என்பது அறிவுடைமைபோலத் தோன்றும். சான்றைத் திரட்டும் ஏற்பாட்டையே செய்யாமல் அதற்காகக் காத்திருப்பது அறமாகாது. அடுத்த முந்திரிப் பூவுக்கு முன் அந்தப் பதிவேட்டின் முதற்பக்கம் எழுதப்படவேண்டும். மாவட்ட ஆட்சியர் முனைந்தால் அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.