அமரர் ஊர்தியில் உட்காருவது யார்?

"போன உயிருக்கு என்ன பாதுகாப்பு? ஏதோ ஒரு வண்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதாதா?" அமரர் ஊர்திகளுக்குத் தரநிலை வேண்டும் என்று பேச்செடுத்தால் இப்படித்தான் பதில் வருகிறது. அந்த வண்டியில் இறந்தவர் ஒருவர்தான். டிரைவர், உதவியாளர், பக்கவாட்டு பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் மகன்கள், மருமகன்கள் எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள். சடலத்தையும் உடன் செல்லும் துக்கக்காரர்களையும் மட்டும் ஏற்றும் வண்டிக்கு பெர்மிட் வேண்டாம் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு சலுகை தருகிறது. ஆட்கள் உடன் வருவார்கள் என்பது சட்டத்துக்கும் தெரியும். அவர்கள் முழங்காலை ஒட்டி இருக்கும் ஃப்ரீசர் பெட்டி, உடலோடு சேர்ந்தால் எளிதில் 100 கிலோவைத் தாண்டும். தரையில் கொக்கி இல்லாத வண்டியில் அதைப் பிடித்து வைப்பது நைலான் கயிறு, சில சமயம் உறவினரின் கை. 60 கிலோமீட்டர் வேகத்தில் சட்டென்று பிரேக் போட்டால் வண்டி நிற்கும், பெட்டி நிற்காது. அதன் மேல்மூடி கண்ணாடி வேறு.

"பிணத்திலிருந்து நோய் பரவாது, உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது" என்பது அடுத்த வாதம். இது பாதி உண்மை. பேரிடரில் இறந்தவர்களின் உடல்களால் ஊரில் கொள்ளைநோய் பரவும் என்ற பீதியைத்தான் அந்நிறுவனம் மறுத்தது. உடலைத் தூக்குகிறவர்கள் ரத்தம், கழிவு, காசநோய் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது. 2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம், கோவிட் உடல்களைக் கசியாத பையில் வைத்து, வண்டியை 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைக்கச் சொன்னது. கோவிட் தணிந்ததும் பழக்கம் தளர்ந்தது. ஈரத்தை உறிஞ்சும் ஒட்டுப்பலகைத் தரையை எத்தனை முறை துடைத்து என்ன?

தரநிலை நமக்குப் புதிதும் அல்ல. வளைகுடாவில் இறந்த தொழிலாளியின் உடல் எம்பாமிங் சான்றிதழோடு, காற்றுப் புகாமல் அடைத்த பெட்டியில்தான் திருச்சி விமான நிலையத்தில் இறங்குகிறது. சரக்குப் பிரிவு வாசலைத் தாண்டியதும் அதே பெட்டி எந்த வேனிலும் ஏறலாம்.

ஆட்சேபங்களில் கனமானது ஏழைகளைப் பற்றியது: விதி வைத்தால் வண்டி குறையும், வாடகை ஏறும். 2016இல் ஒடிசாவின் காளஹந்தியில் தானா மாஞ்சி மனைவியின் உடலைத் தோளில் சுமந்து நடந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் அங்கே குறுக்கே நின்றது எந்தத் தரநிலையும் அல்ல. அவருக்கு வண்டியே கிடைக்கவில்லை. அதற்கு மருந்து தமிழ்நாட்டில் இருப்பது போன்ற இலவச அமரர் ஊர்திச் சேவை. நான் கேட்பது ஏசியோ பூ அலங்காரமோ அல்ல. தரையில் பொருத்திய தண்டவாளமும் இழுத்துக் கட்டும் பெல்ட்டும், டிரைவருக்குப் பின்னால் ஒரு தடுப்பு, கழுவக்கூடிய தரை, உடன் வருபவர்களுக்கு சீட் பெல்ட். வண்டியின் விலையில் இதெல்லாம் சிறு துண்டு. தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) வண்டி வரும்போது பிரேக்கையும் விளக்கையும் பார்க்கும் ஆய்வாளர், பின்கதவையும் திறந்து பெட்டியை எதில் பிணைக்கிறார்கள் என்று பார்க்கட்டும்; அதற்குப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.