துபாயில் வீடு வாங்குவோர் கவனத்திற்கு



அரிசி ஆலைகளும் எண்ணெய் ஆலைகளும் தேங்காய்ப் பருப்புக் களங்களும் நிறைந்த நம் காங்கேயத்தில், விடுமுறைக்கென்று துபாயில் ஒரு வீடு வாங்கும் பேச்சு இப்போது கேட்கிறது. கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு நேரடி விமானம் உண்டு, ஆசையும் இயல்பானதே. மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் எங்களிடம், "இது ஆகுமானதா?" என்று கேட்கின்றனர். வீடு வாங்குவது ஆகுமானதே. அதற்கான பணம் எவ்வழியில் போகிறது என்பதிலேயே கவலை இருக்கிறது.

முதலில் சட்டத்தை அறிவோம். துபாயில் குறிப்பிட்ட பகுதிகளில் வெளிநாட்டவர் முழு உரிமையுடன் வீடு வாங்க 2006ஆம் ஆண்டின் 7ஆம் எண் சட்டம் இடமளிக்கிறது. நம் நாட்டில், ரிசர்வ் வங்கியின் தாராளப் பணவனுப்பல் திட்டத்தின்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். இது ஏறக்குறைய 9.18 லட்சம் திர்ஹம். ஆகவே 10 லட்சம் திர்ஹம் வீட்டுக்கு ஒருவரின் ஓராண்டு வரம்பு போதாது. மனைவியின் வரம்பையும் சேர்த்தால், பத்திரத்தில் அவரும் பங்குதாரராக இருக்க வேண்டும். இத்தகைய முதலீட்டுக்கு நம் வங்கிகள் கடன் தரவும் கூடாது. வட்டியை அஞ்சும் நமக்கு இவ்விதி ஒரு பாதுகாப்பே.

செலவையும் எண்ணுவோம். துபாய் நிலத்துறையின் பதிவுக் கட்டணம் 4 விழுக்காடு. தரகு வழக்கமாக 2 விழுக்காடு. 10 லட்சம் திர்ஹம் வீட்டுக்கு இவை மட்டுமே 60,000 திர்ஹம். பராமரிப்புக் கட்டணம், வீடு பூட்டிக் கிடந்தாலும் ஆண்டுதோறும் வரும். நம் பிள்ளைகளின் நீண்ட விடுமுறை, அங்கே வெயில் கொளுத்தும் மே மாதத்தில் வருகிறது என்பதையும் நினைவிற்கொள்க. ஆண்டுக்குப் பத்து நாள் தங்க இவ்வளவு செலவா என்பதை அவரவர் மனச்சாட்சியே சொல்லட்டும். வீண்விரயத்துக்கும் கேள்விகணக்கு உண்டு.

பலர் தடுமாறும் இடம் இனித்தான். 2025 ஏப்ரல் முதல், ஆண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் இவ்வாறு அனுப்பும் தொகைக்கு வங்கி 20 விழுக்காடு முன்வரி பிடிக்கிறது. 2 கோடி அனுப்பினால் 38 லட்சம். இதைக் கேட்டதும் உண்டியல் வழியைக் காட்டுவோர் வந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த 38 லட்சம் பறிபோகும் பணமன்று. வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். மிகுதியைத் திரும்பப் பெறலாம். உண்டியலில் அனுப்பி மறைத்த சொத்துக்கோ, 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி மதிப்பில் 30 விழுக்காடு வரி, அவ்வரியின் மும்மடங்கு அபராதம். ஆக 120 விழுக்காடு. சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. முறையாக வாங்கியவரும் ஆண்டுதோறும் கணக்கில் அவ்வீட்டைக் காட்ட வேண்டும். தவறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

"நம் வியர்வைப் பணம்தானே?" என்பார்கள். உண்மைதான். எனினும் வாழும் நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டிருப்பது நாம் ஏற்ற உடன்படிக்கை. அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் உடன்படிக்கைகளை நிறைவேற்றப் பணிக்கிறது.

அதைவிட அஞ்ச வேண்டியது ஒன்றுண்டு. மறைத்த சொத்து மவுத்துக்குப் பின் மறைந்தே போகும். விவரம் அறிந்த ஒரு மகன் வாய்திறவாதிருந்தால், மனைவியின் எட்டில் ஒரு பங்கும் பெண்மக்களின் பங்கும் என்னாகும்? அல்லாஹ் பெயர் சொல்லி விதித்த பங்குகள் அவை. முறையான பத்திரமிருந்தாலும் வாரிசுகள் துபாய் நீதிமன்றத்தை நாட வேண்டும். பத்திரம் இருப்பதே தெரியாதவர் எதை நாடுவார்?

ஆகவே வாங்குவோர் வங்கி வழியே வாங்குக. பட்டயக் கணக்காளரிடம் கலந்துகொள்க. பத்திர நகலை மனைவி, மக்கள் அனைவரும் அறியும் இடத்தில் வைக்க. சொந்தமாகத் தங்கும் வீட்டுக்கு ஜகாத் இல்லை. விற்று இலாபம் காணும் எண்ணத்தில் வாங்கினால், அதன் சந்தை மதிப்புக்கு ஆண்டுதோறும் இரண்டரை விழுக்காடு ஜகாத் உண்டு.

நம் பொருளை ஹலாலாக்கி, அதில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.