காய்ச்சல் என்னும் பொய்

கல்லூரியில் ஒரு பருவத்தில் வரும் விடுப்பு விண்ணப்பங்களை எல்லாம் சேர்த்து ஒருமுறை படித்துப் பாருங்கள். காய்ச்சல், வயிற்றுவலி, அம்மை, மஞ்சள் காமாலை, டைபாய்டு... உடலின் நோய்கள் வரிசையாக நிற்கும். மனத்தின் நோய் ஒன்றுகூட இராது. நம் மாணவர் அனைவரும் மனநலம் நிறைந்தவர்கள் என்பதா இதன் பொருள்? அன்று. மனச்சோர்வால் மூன்று வாரம் படுக்கையை விட்டு எழ இயலாத மாணவி, டைபாய்டுச் சான்றிதழோடுதான் வகுப்புக்குத் திரும்புகிறாள். உண்மைக்குக் கிடைக்காத விடுப்பு பொய்க்குக் கிடைக்கிறது. இந்த நிலை குறித்தே ஈண்டுப் பேச விழைகிறோம்.

இம்மாணவிக்குச் சட்டத்தில் இடமில்லை என எவரும் எண்ண வேண்டா. 1995ஆம் ஆண்டின் சட்டமே மனநோயை உடற்குறைகளோடு ஒருங்கே வைத்து எண்ணியது. அதன் இடத்தில் வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தான் பட்டியலிடும் 21 வகைகளுள் மனநோயையும் சேர்த்துள்ளது. அரசின் நிதியோ ஏற்போ பெற்ற கல்வி நிறுவனங்கள் ஒவ்வொருவரின் தேவைக்கும் ஏற்ற மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்பது அச்சட்டத்தின் நோக்கம். 'ரீசனபிள் அக்காமடேஷன்' என்று அதற்குப் பெயர். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித்தர ஓர் ஆள் முதலியன அதன் 17ஆம் பிரிவிலேயே உள்ளன. 40 விழுக்காட்டுச் சான்று இல்லை என்பதற்காக எழுதித்தருபவரை மறுக்கலாகாது என, எழுதும்போது கை இறுகிவிடும் தேர்வர் ஒருவரின் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜூலையிலோ, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனங்கள் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று அதே நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது.

சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. பின் ஏன் எவரும் கேட்பதில்லை?

விண்ணப்பம் செல்லும் வழியைப் பாருங்கள். வகுப்பாசிரியர், துறைத்தலைவர், அலுவலக எழுத்தர், முதல்வர் என அது கைமாறுகிறது. ஒவ்வொரு மேசையிலும் படிக்கப்படுகிறது. 'மஞ்சள் காமாலை' என்றிருந்தால் பத்தியம் சொல்லி அனுப்புவார்கள். 'பைபோலார்' என்றிருந்தால்? மாலைக்குள் துறை முழுதும் அறிந்துவிடும். மறுநாள் அம்மாணவி உரக்கச் சிரித்தாலும் நோய்தான், பேசாதிருந்தாலும் நோய்தான். "நாளை இவளுக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்று பெற்றோர் அஞ்சுவதை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியுமா? தம் ஊரை அவர்கள் அறிவார்கள்.

அடுத்தது நாட்கணக்கு. பல பல்கலைக்கழகங்களில் பருவத்துக்கு 90 வேலை நாட்கள். 75 விழுக்காடு வருகை கட்டாயம். ஆக 22 நாட்கள்தாம் தவறலாம். மனச்சோர்வுக்கான மருந்து பலன் காட்டத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். தொடங்கிய பின்னும் சில மருந்துகளால் காலையில் தூக்கக் கலக்கம் நீங்காது. சிலவற்றால் கை நடுங்கும். முதல் மணி நேர வகுப்புத் தவறும். மூன்று மணி நேரத் தேர்வில் எழுத்து தடுமாறும். முறையாகச் சிகிச்சை எடுத்துக்கொள்பவருக்கே இந்த இடர். இந்த விதிக்குப் பயந்து, தேர்வுக் காலத்தில் மருந்தை நிறுத்திவிடுவோரும் உண்டு. அதன் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ?

நண்பர் சிலர் கேட்பர்: "இதை அனுமதித்தால் எல்லோரும் மனநோய் என்று சான்றிதழ் வாங்கி வருவார்களே?" இப்போது நடப்பது என்ன? இல்லாத காய்ச்சலுக்குச் சான்றிதழ் வாங்குவது எத்தனை எளிது என்பது கல்லூரியில் யாருக்குத் தெரியாது? ஏமாற்ற நினைப்பவனுக்கு வழி ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. உண்மை சொல்ல நினைப்பவளுக்குத்தான் அடைத்துக் கிடக்கிறது. "தேர்வின் தரம் குறையாதா?" என்பது மற்றொரு கேள்வி. வினாத்தாளும் மாறவில்லை, விடைத்தாள் திருத்தும் முறையும் மாறவில்லை. கூடுதல் நேரம் விடையைக் கற்றுத்தருவதில்லை. கற்றதை எழுதி முடிக்க விடுகிறது, அவ்வளவே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வசதிகளை நாம் 'சலுகை' என்றே வழங்கி வருகிறோம். சலுகை கொடுப்பவரின் மனம் போன போக்கில் கிடைப்பது. கேட்பவர் தலை குனிந்து நிற்க வேண்டியது. உரிமை அப்படிப்பட்டதன்று. நம் மொழி மனத்துயரை அன்னியமாக வைத்ததுமில்லை. பிரிவால் வாடும் தலைவியின் துயரை 'நோய்' என்ற சொல்லாலேயே சுட்டுகின்றன சங்க அகப்பாடல்கள். உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒரே சொல்! அதை வகுப்பில் பாடமாக நடத்துகிறோம். அதே வகுப்பின் வருகைப் பதிவேட்டில் உள்ளத்தின் நோய்க்கு இடமில்லை.

என் செய்யலாம்? பெருஞ்செலவு எதுவும் வேண்டா. மனநல மருத்துவரின் சான்று கல்லூரியில் ஒரேயொருவர் கைக்கு, உறையிலிட்டு வரட்டும்; அவர் ஆலோசகராக இருப்பின் நன்று. துறைக்கு அவர் அனுப்பும் குறிப்பில் நோயின் பெயர் வேண்டா. தேவை மட்டும் இருந்தால் போதும்: 'இவருக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல்', 'முதல் மணி வருகையில் தளர்வு', 'தவறிய உள்தேர்வுக்கு மறுவாய்ப்பு'. வருகை குறைந்த பின் அபராதம் கட்டி மன்றாடுவதாக இல்லாமல், பருவத் தொடக்கத்திலேயே இது முடிவாகட்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோய் குறித்த மறைகாப்பை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. மருத்துவமனை காக்கும் மறையைக் கல்லூரி அலுவலகம் காக்கலாகாதா?

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நிறுத்தவில்லை. அருகிருந்து துணை செய்பவரையும் ஒரு கூறாக வைத்தார். பகற்பொழுதின் பெரும்பகுதி மாணவரின் அருகிருப்பவர் ஆசிரியரே. நோயின் பெயரைக் கேட்டறியும் ஆவலை அடக்கி, "உனக்கு என்ன தேவை?" என்று மட்டும் அவர் கேட்கப் பழகினால், அடுத்த பருவத்தில் டைபாய்டுகள் சில குறையும்.