படுக்கையில் விழும் வரை காத்திருக்க வேண்டுமா?

ஆந்திரப் பிரதேச அரசு மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகையை 2024ஆம் ஆண்டில் 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாக உயர்த்தியது. முற்றிலும் நடமாட இயலாமல் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ முடங்கியவர்களுக்கு 15,000 ரூபாய். இந்த உயர்வு வரவேற்கத்தக்கது. எனினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. உழைத்துச் சம்பாதித்துக் கொண்டிருக்கும் ஒருவர் நோய்வாய்ப்பட்ட பின்னரும் தம் வேலையில் நீடிப்பதற்கு அரசும் முதலாளிகளும் என்ன செய்கிறார்கள்? சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தண்டுவட மரப்பு நோயுடன் வாழும் ஒரு தொழிலாளியின் இடத்திலிருந்து இக்கேள்வியைக் கேட்டால், கிடைக்கும் விடை மிகவும் கசப்பானது.

மருத்துவர்கள் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று அழைக்கும் இந்நோயில், உடலின் எதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையைத் தாக்கிச் சிதைக்கிறது. உலகில் சுமார் 28 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாகப் பன்னாட்டு அமைப்பு ஒன்றின் 2020ஆம் ஆண்டுக் கணக்கு கூறுகிறது. இது முதியோர் நோய் அன்று. பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் தாக்குகிறது. ஒரு கண்ணில் பார்வை மங்கும், கால் மரத்துப் போகும், கை நடுங்கும், சில வாரங்களில் ஓரளவு சரியாகிவிடும், பின்னர் மாதங்கள் கழித்து மீண்டும் வரும். இடைப்பட்ட காலத்தில் பலர் நன்றாகவே வேலை செய்ய முடியும். விடாது வாட்டும் சோர்வு மட்டும் வெளியே தெரியாது. மேற்பார்வையாளரின் கண்ணுக்கு அது சோம்பேறித்தனமாகவே படுகிறது.

வெப்பமும் வேலைத்தலமும்

உடலின் வெப்பம் சற்று உயர்ந்தாலும் இந்நோயின் அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும். நம் வட்டாரத்தின் வேலைத்தலங்களை இத்துடன் பொருத்திப் பார்க்க வேண்டும். நகரி, புத்தூர், ஏகாம்பரகுப்பம் பகுதிகளின் விசைத்தறிக் கூடங்களில் தமிழ் பேசும் நெசவாளர்கள் நாள் முழுதும் நின்றபடி தறிகளைக் கவனிக்கிறார்கள். சித்தூரைச் சுற்றியுள்ள மாம்பழக்கூழ் ஆலைகளின் பருவமோ கோடை உச்சத்தில்தான் தொடங்குகிறது. தடா, சத்தியவேடு பகுதியில் எழுந்துள்ள ஸ்ரீசிட்டி சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இளம் பெண்கள் பெருமளவில் வேலைக்கு எடுக்கப்படுகிறார்கள். முதலாளிகள் விரும்பி எடுக்கும் அதே வயதில்தான் இந்நோயும் வருகிறது.

அத்தகைய ஆலையில் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கும் 26 வயதுப் பெண் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். முதல் தாக்குதலில் மூன்று வாரம் விடுப்பு எடுக்கிறார். இரண்டாம் முறை விடுப்பு கேட்டபோது, அடுத்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. யாரும் அவரை வேலைநீக்கம் செய்யவில்லை. எந்த உத்தரவும் எழுதப்படவில்லை. நோயைக் காரணம் காட்ட வேண்டிய தேவையே நிர்வாகத்திற்கு இல்லை. வேலையோடு ஈ.எஸ்.ஐ. பாதுகாப்பும் போய்விடுகிறது. நீண்ட காலம், அதிகச் செலவில் மருந்து எடுக்க வேண்டிய நோய் இது. மருந்து மிகவும் தேவைப்படும் நேரத்தில் மருந்துக்கான வழி அடைபடுகிறது.

இது தனிமனிதத் துயரம் மட்டுமன்று. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டமே, "தொடர்ந்த உடல்நலக் குறைவு" காரணமாகச் செய்யப்படும் பணிநீக்கத்தை ஆட்குறைப்பு என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோ குறித்த கால வேலைவாய்ப்புக்குச் சட்ட அங்கீகாரம் வழங்கியுள்ளன. தொழில்துறையின் சேமப் பட்டாளத்தின் அடித்தட்டில் கிடக்கும் வறியோரில், உறுப்பிழந்தோரையும் நோயுற்றோரையும் மார்க்ஸ் மூலதனம் முதல் தொகுதியிலேயே சேர்த்திருக்கிறார். உழைப்புச் சக்தியின் வேகம் குறைந்தவுடன் அதை வெளியே தள்ளுவது மூலதனத்தின் இயல்பு. குறித்த கால ஒப்பந்தம் அந்த இயல்புக்குச் சட்டத்தின் உடையை அணிவிக்கிறது.

பட்டியலில் உண்டு, ஒதுக்கீட்டில் இல்லை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. அவற்றுள் நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு என்ற தலைப்பின்கீழ் தண்டுவட மரப்பு நோயும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. ஆனால் அதே சட்டத்தின் 34ஆவது பிரிவு அரசு வேலைகளில் வழங்கும் 4 சதவீத ஒதுக்கீட்டைப் பிரித்துக் கொடுக்கும்போது, பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, இயக்கக் குறைபாடு, அறிவுசார் மற்றும் மனநலக் குறைபாடுகள் என எண்ணிச் செல்கிறது. நாள்பட்ட நரம்பியல் பாதிப்புக்கு அங்கே தனி இடமில்லை. இயக்கக் குறைபாட்டின் வரையறையில் நரம்பு மண்டலப் பாதிப்பும் அடங்குவதால், நடமாட்டம் குன்றியவர் அந்த வாயிலில் நுழைய வாதாடலாம். சோர்வாலும் பார்வை மங்கலாலும் வேலை இழப்பவருக்கு அந்த வாயிலும் இல்லை.

அடுத்த தடை 40 சதவீதம் என்ற அளவுகோல். ஏறி இறங்கும் நோயை எந்த நாளில் அளப்பது? தாக்குதல் தணிந்த வாரத்தில் மருத்துவக் குழுவின் முன் தாமே நடந்து வருபவர் குறைந்த சதவீதத்துடன் திரும்புவார். 2025இல் ஆந்திராவில் சான்றிதழ்கள் மறுஆய்வு செய்யப்பட்டு, பலருக்கு உதவித்தொகை நிறுத்த நோட்டீஸ் அனுப்பப்பட்டதும், எதிர்ப்பு எழுந்ததும் நாம் அறிந்ததே. சித்தூர் மக்கள் பலர் சிகிச்சைக்கு எல்லை தாண்டி வேலூருக்குச் செல்கிறார்கள். அங்குள்ள தனியார் மருத்துவமனையின் அறிக்கை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், சான்றிதழை அரசு மருத்துவ அதிகாரியிடமிருந்தே பெற வேண்டும். எல்லைக்கு அப்பால் தமிழ்நாடு அரசு, தண்டுவட மரப்பு நோயைப் பெயரிட்டே மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. தொகை சிறிது; ஆயினும் நோயைத் தனியே கண்டுகொண்ட முறை பின்பற்றத்தக்கது.

பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்டவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்று சட்டத்தின் 20ஆவது பிரிவு கூறுகிறது. சிறந்த பிரிவு. ஆனால் அது அரசு நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. விசைத்தறிக்கும் ஸ்ரீசிட்டிக்கும் அது எட்டவில்லை.

ஓர் ஒப்பந்தத்தின் வலிமை

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பை நம் தொழிற்சங்கத் தோழர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஒன்றுபட்ட ஆந்திராவின் சாலைப் போக்குவரத்துக் கழகத்தில் பணிக்குச் சேர்ந்த ஜோசப் என்ற ஓட்டுநர், நிறக்குருடு எனக் கூறி வேலையிலிருந்து அனுப்பப்பட்டார். நிறக்குருடு அன்றைய சட்டத்தின் குறைபாட்டுப் பட்டியலில் இல்லை. பட்டியலை மட்டும் நம்பியிருந்தால் அவர் தோற்றிருப்பார். அவருக்குக் கைகொடுத்தது 1979இல் தொழிற்சங்கத்துடன் நிர்வாகம் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து: நிறக்குருடு உள்ள ஓட்டுநருக்கு மாற்றுப்பணி தரவேண்டும் என்பது அது. அந்த ஒப்பந்தம் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும் என்று கூறிய நீதிமன்றம், அதே ஊதிய நிலையில் மாற்றுப்பணி வழங்க ஆணையிட்டது. மாற்றுப்பணி எதுவும் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பையும் நிர்வாகத்தின் மீதே வைத்தது.

சட்டம் மறந்த தொழிலாளியைச் சங்கம் 46 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த ஒரு வரி காப்பாற்றியது. நம் கூட்டுப்பேர ஒப்பந்தங்களில் இன்று அப்படிப்பட்ட வரி எத்தனை இருக்கிறது? ஊதியம், போனஸ், பஞ்சப்படி ஆகியவற்றுக்காகப் போராடும் நாம், நோயுற்ற தொழிலாளியை வேலையில் தக்கவைக்கும் ஷரத்தைக் கோரிக்கைப் பட்டியலின் கடைசியிலாவது வைத்திருக்கிறோமா? இதில் சுயவிமர்சனம் தேவை.

கேட்பதும் பெரிதன்று. நின்று செய்யும் வேலைக்கு ஓர் இருக்கை. தறிக்கூடத்தில் காற்றோட்டமான மூலை. வெயில் ஏறுமுன் முடியும் முதல் ஷிப்ட். இடையில் பத்து நிமிட ஓய்வு. மருத்துவமனை செல்லும் நாளுக்கு விடுப்பு. தறியில் நிற்க முடியாதபோது கணக்கு, தரப்பரிசோதனை, கிடங்கு வேலைக்கு மாற்றம். சட்டம் இதை நியாயமான தகவமைப்பு என்கிறது. இந்த உரிமையைப் பெற 40 சதவீதச் சான்றிதழ் தேவையில்லை என்று, எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நரம்பியல் பாதிப்புடைய ஒரு தேர்வரின் வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது.

வேலையை மனிதருக்கேற்ப மாற்றுவது இயலாத ஒன்றென்போருக்கு அருகிலேயே சான்று உண்டு. வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து அத்துறைக்கே தலைமை ஏற்றார். அவருக்குப் பொருந்தும் வகையில் பணி மாற்றியமைக்கப்பட்டது. ஒரு மருத்துவருக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு ஒரு தறித் தொழிலாளிக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

நம் கடமை

20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் மாற்றுத்திறனாளிகளுக்கான சமவாய்ப்புக் கொள்கையை விரிவாக வகுத்து வெளியிட வேண்டும் என்பது சட்டமும் விதிகளும் இட்ட கட்டளை. ஒவ்வோர் ஆலை வாயிலிலும் அந்தக் கொள்கையைக் காட்டுமாறு சங்கங்கள் எழுத்துபூர்வமாகக் கேட்கட்டும். காட்ட மறுத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யட்டும். அடுத்துவரும் ஊதிய ஒப்பந்தங்களில் மாற்றுப்பணி ஷரத்து இடம்பெறட்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் அது உள்ளடக்க வேண்டும்.

அரசிடம் நம் கோரிக்கைகள் தெளிவானவை. பணிநீக்கத் தடையைத் தனியார் துறைக்கும் விரிவாக்க வேண்டும். நாள்பட்ட நரம்பியல் பாதிப்பை வேலை ஒதுக்கீட்டில் சேர்க்க வேண்டும். ஏறி இறங்கும் நோய்களை ஒரு நாள் பரிசோதனையால் அளக்காமல், ஓராண்டு மருத்துவப் பதிவைக் கொண்டு மதிப்பிட வேண்டும். வேலை இழந்த பின்னும் சிகிச்சை முடியும் வரை ஈ.எஸ்.ஐ. மருத்துவம் தொடர வேண்டும். திருப்பதியில் சுவிம்ஸ், ரூயா, பர்ட் என மூன்று பெரிய மருத்துவமனைகள் உள்ளன. அங்கு நரம்பியல் சிகிச்சையுடன், நோயாளியை வேலைக்குத் திரும்பச் செய்யும் ஆலோசனைப் பிரிவும் அமைய வேண்டும். தையலும் மெழுகுவத்தியும் கற்றுத்தருவதோடு தொழிற்பயிற்சி முடிந்துவிடுவதில்லை. ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்கு அத்தொழிலை விடாமல் செய்ய வழிகாட்டுவதும் அதில் அடங்கும்.

கிளைத் தோழர்களுக்கு உடனடி வேலையும் உண்டு. நம் பகுதியில் இந்நோயுள்ளவர் யார் என்று கேட்டறிவோம். விண்ணப்பம் தெலுங்கில் இருப்பதால் தயங்கும் தமிழ்த் தொழிலாளிக்கு அதை நிரப்பிக் கொடுப்போம். மருத்துவக் குழுவின் முன் அவர் தனியே நிற்காமல் உடன் செல்வோம். நிர்வாகத்துடன் பேசும்போது பக்கத்தில் அமர்வோம். படுக்கையில் விழுந்த பின் 15,000 ரூபாய் தரும் அரசு, விழாமல் நடமாடும் காலத்தில் வேலையைக் காக்கவும் கடமைப்பட்டது. அக்கடமையை நினைவூட்டும் குரல், ஆலை வாயிலில் இருந்தே எழட்டும்.