நான் யெஸ்னு சொல்லவே இல்லையே தம்பி!

பொட்டி தட்டுற மக்களே, இன்னிக்கு கொஞ்சம் டெக்னிக்கல் புலம்பல்.

தெரிஞ்ச அண்ணாச்சி ஒருத்தரோட மளிகைக் கடைக்கு ஜாவா ஸ்விங்கில் பில் போடுற ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் போன். "தம்பி, போன வருஷக் கணக்கு பூரா காணோம்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். கை தவறி 'பழைய பில்களை நீக்கு' மெனுவை அமுக்கியிருக்கார். 'ஆர் யூ ஷூர்?'னு டயலாக் பாக்ஸ் வந்திருக்கு. கீழே யெஸ், நோ. மனுஷன் பயந்துபோய் ரெண்டையும் தொடாம, மூலையில் இருக்கிற எக்ஸை அமுக்கி மூடிட்டார். மூடினதும் எல்லாம் காலி.

"நான் யெஸ்னு சொல்லவே இல்லையே தம்பி!"

நிஜம்தான். அவர் சொல்லலை. தப்பு என்னோடது.

நான் எழுதின லாஜிக் இதுதான்: பதில் நோவா இருந்தா திரும்பிப் போ, இல்லேன்னா அழி. ஸ்விங்கோட ஜேஆப்ஷன்பேனில் யெஸ்ஸுக்கு 0, நோவுக்கு 1. எந்த பட்டனையும் தொடாம மூடினா -1 வரும். -1 நோ இல்லையே! அழிச்சுடுச்சு.

இது ஜாவாவோட மட்டும் முடியலை. ஜிடிகேயில் எக்ஸ் அமுக்கினாலும் எஸ்கேப் தட்டினாலும் -4 வரும். அதுக்கு அவங்க வெச்ச பேர் 'டெலீட் ஈவன்ட்'. (பேரைப் பார்த்துட்டு யாரும் ஃபைலை அழிச்சுடாதீங்க சாமி, ஜன்னலை மூடுறதைத்தான் சொல்றாங்க!) விண்டோஸ் மெசேஜ்பாக்ஸில் யெஸ், நோ மட்டும் வெச்சா எக்ஸ் வேலையே செய்யாது. கூட கேன்சலும் வெச்சா, எக்ஸுக்கு கேன்சலோட நம்பரான 2 வரும். எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு. பதில் சொல்லாம வெளியே போகவும் ஒரு வழி வேணும்ல?

மௌனம் சம்மதம்ங்கிறதெல்லாம் கல்யாண வீட்டோட சரி. டயலாக் பாக்ஸுக்கு அது ஒத்து வராது. மூடினவன் பதில் சொல்லலை, பதில் சொல்ல மாட்டேன்னு சொல்றான். அதனால என் கட்சி இதுதான்: 'யெஸ்ஸா இருந்தா மட்டும் அழி'ன்னு எழுதணும். மத்த எது வந்தாலும் கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருக்கணும்.

இன்னொண்ணு. 'ஆர் யூ ஷூர்? யெஸ், நோ'ங்கிற கேள்வியே தப்பு. மேலே இருக்கிறதை யாரும் படிக்கிறதில்லை, பட்டனைத்தான் பார்ப்பாங்க. பட்டனிலேயே 'பில்களை அழி', 'வேண்டாம்'னு எழுதிட்டா குழப்பமே இல்லை. ஸ்விங்கில் ஷோஆப்ஷன்டயலாக்னு இருக்கு. பட்டனில் என்ன எழுதணும்னு நாமே கொடுக்கலாம், என்டர் தட்டினா எது விழணும்னும் சொல்லிடலாம். அது 'வேண்டாம்' மேல இருக்கட்டும்.

அண்ணாச்சி கடையில் ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எடுத்த பேக்கப் ஒண்ணு பென் டிரைவில் கிடைச்சது. பிழைச்சேன். நடுவுல போன ரெண்டு வார பில்லை, கார்பன் காப்பியைப் பார்த்து ராத்திரி பூரா நானேதான் ஏத்தினேன். அண்ணாச்சி திட்டலை, டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தா கூட தேவலை.

உங்க பழைய கோடில் 'நோ இல்லேன்னா' எங்கேயாவது இருக்கான்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. எனக்கு இன்னும் மூணு இடத்தில் இருந்தது.