ஒரே டேங்க்கில் மூணு மருந்து: பயிருக்கா, கடை கல்லாவுக்கா?

சம்பா வயலில் இலை லேசாக வெளுத்தாலே போதும், மருந்துக்கடையிலிருந்து வருவது ஒரு பாட்டில் இல்லை, மூணு. புழுவுக்கு ஒன்று, குலைநோய்க்கு ஒன்று, 'பச்சை கட்டுறதுக்கு' டானிக் ஒன்று. மூணும் ஒரே டேங்க்கில் போகும்.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மருந்து அடிக்க ஆள் கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும், இரண்டு முறை அடித்தால் இரண்டு கூலி. பூச்சிக்கொல்லியும் பூஞ்சாணக்கொல்லியும் ஒத்துப்போகிற ஜோடிகளும் இருக்கின்றன. ஆனால் எல்லா ஜோடியும் அப்படி இல்லை. சுண்ணாம்பு சேர்ந்த போர்டோ கலவையோடு ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தைக் கலந்தால், அந்தக் காரத்தன்மையில் மருந்து சிதைந்து வீரியம் போய்விடும். சில கலவை திரிந்துபோய் நாசிலை அடைக்கும், சிலது இலையைக் கருக்கும். முதலில் ஒரு கண்ணாடி பாட்டிலில் அதே விகிதத்தில் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பார்த்தால் திரிவதும் படிவதும் தெரிந்துவிடும். வீரியம் போனது மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

என்னைக் கேட்டால், பெரிய பிரச்சினை கலப்பது இல்லை. தேவையே இல்லாததை 'எதுக்கும் இருக்கட்டும்' என்று சேர்ப்பதுதான். நட்ட முதல் மாதத்தில் இலைச்சுருட்டுப் புழு தின்கிற இலையை, பயிர் பெரும்பாலும் புது இலை விட்டு ஈடுகட்டிவிடும். அப்போது அடிக்கிற பைரித்ராய்டு மருந்து, வயலில் காவல் இருக்கிற சிலந்தியையும் சேர்த்துக் கொல்லும். அப்புறம் புகையானுக்குக் கொண்டாட்டம்தான். அது தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூரில் உட்கார்ந்து சாறு குடிக்கிற பூச்சி. மேலாக இலைமேல் அடிக்கிற மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது.

இந்தோனேசியா இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. புகையான் திரும்பத் திரும்ப வெடித்ததால், 1986ல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை அந்த அரசு தடை செய்தது. அதனால் அங்கே நெல் உற்பத்தி சரிந்துவிடவில்லை.

மகாராஷ்டிராவின் யவத்மாலில் 2017ல் மருந்து அடித்த 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது பருத்தி வயல்தான். ஆனால் பல மருந்துகளைக் கலந்து அடித்ததும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. டேங்க்கை முதுகில் சுமக்கிறவருக்கு அது நெல் வயலா பருத்தி வயலா என்பதில் என்ன வித்தியாசம்?

மாத்திரைக்குச் சீட்டு கேட்கிற நாட்டில், கவுன்ட்டரில் வாய்வார்த்தையாகச் சொல்லப்படும் கலவைக்கு யார் பொறுப்பு? எதோடு எதைக் கலக்கலாம் என்பதைக் கடைக்காரர் பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி வரட்டும். பாதி பாட்டில்கள் அன்றைக்கே அலமாரியில் தங்கிவிடும்.

அதுவரை, ஊரிலிருந்து அப்பா மருந்துக்காசு கேட்டு போன் செய்தால் அனுப்புவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "தூரைப் பிரிச்சுப் பார்த்தீங்களாப்பா, என்ன பூச்சி இருக்கு?" பதில் சரியாக வராவிட்டால் கிசான் கால் சென்டர் இருக்கிறது, 1800-180-1551. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.