நெற்றியைப் பாராதீர், நடத்தையைப் பாரீர்!

தோழர்களே!

தேர்தல் வரப் போகிறது என்று பத்திரிகையில் ஒரு வரி வந்தால் போதும், நம் நாட்டில் இரண்டு கடைகள் திறந்துவிடுகின்றன. ஒரு கடையில் எதிராளியின் மதத்தைக் காட்டிப் பயத்தை விற்கிறார்கள். மற்றொரு கடையில் தம்முடைய மதத்தைக் காட்டிப் பக்தியை விற்கிறார்கள். இரண்டு கடைகளிலும் சரக்கை வாங்குகிறவன் ஏழைத் தொழிலாளி. வீட்டுக்குப் போய் மூட்டையை அவிழ்த்துப் பார்த்து ஏமாறுகிறவனும் அவனே. இந்த வியாபாரத்தைப் பற்றி நாம் ஒளிவு மறைவின்றிப் பேசியே ஆக வேண்டும்.

முதலில் பயத்தை விற்கும் கடையைப் பார்ப்போம். 1990 பொதுத் தேர்தலில் தெங்கு ரசாலி ஹம்சா சபா மாநிலத்துக்குச் சென்றபோது அவருக்குக் கடசான் மக்களின் தலைப்பாகையை அணிவித்தார்கள். அதிலிருந்த கோலம் சிலுவையைப் போல் இருக்கிறது என்று சொல்லி, வாக்களிப்புக்கு முன் அந்தப் படத்தை ஊரெங்கும் பரப்பினார்கள். விருந்தாளிக்கு அணிவித்த ஒரு துணியை வைத்து ஒரு முஸ்லிம் தலைவரின் நம்பிக்கையையே சந்தேகத்துக்கு ஆளாக்கினார்கள்.

2008 செப்டம்பரில் கோலாலம்பூர் சீபுத்தே தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் தெரேசா கோக், பூச்சோங் வட்டாரப் பள்ளிவாசலில் தொழுகை அழைப்பின் ஒலியைக் குறைக்கச் சொன்னார் என்று ஒரு குற்றச்சாட்டு கிளம்பியது. அவர் மறுத்தார். விசாரணையும் இல்லை, வழக்கும் இல்லை. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஏழு நாள் அடைத்து வைத்து, பின்பு விட்டுவிட்டார்கள். அந்தச் சட்டம் 2012 இல் ஒழிக்கப்பட்டது. அந்த ஏழு நாள்களை அவருக்கு யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

அதே 2012 இன் இறுதியில், மத விஷயத்தில் கட்டாயம் இல்லை என்று சுபாங் ஜெயாக் கூட்டம் ஒன்றில் பேசியதற்காக லெம்பா பந்தாய் உறுப்பினர் நூருல் இஸா அன்வார் மீது பாய்ந்தார்கள். 2017 இல் சிலாங்கூர் சட்டமன்றத் தலைவராக இருந்த ஹன்னா இயோ, தம் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலில் தமது கிறிஸ்தவ நம்பிக்கையைக் குறிப்பிட்டிருக்கிறார் என்பதற்காகப் போலீசில் புகார் போனது. முஸ்லிம் ஆனாலும் விடுவதில்லை, கிறிஸ்தவர் ஆனாலும் விடுவதில்லை. யாரை வீழ்த்த வேண்டுமோ, அவருடைய கடவுளைக் கையில் எடுத்துக் கொள்கிறார்கள்!

சட்டம் என்ன சொல்கிறது? நாடாளுமன்றத்துக்கு நிற்கத் தகுதி எது என்பதை அரசியல் அமைப்புச் சட்டத்தின் 47 ஆவது ஷரத்து கூறுகிறது. குடிமகனாக இருக்க வேண்டும், இந்நாட்டில் வசிக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும். யார் நிற்கக் கூடாது என்பதை 48 ஆவது ஷரத்து கூறுகிறது. திவாலானவர், சித்தம் கலங்கியவர், தண்டனை பெற்றவர் என்று பட்டியல் போகிறது. இரண்டு ஷரத்துகளிலும் மதம் என்ற சொல்லே இல்லை. சிலாங்கூர் போன்ற மாநிலங்களில் மந்திரி பெசார் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் விதித்திருக்கிறது என்பது உண்மை. அது அந்த ஒரு நாற்காலிக்கு உள்ள விதி. உம்முடைய தொகுதிக்கு நிற்கும் வேட்பாளருக்கு அப்படி ஒரு விதியும் கிடையாது. மேலும், வாக்காளனுக்கு ஆன்மிகக் கேடு வரும் என்று மிரட்டி ஓட்டு வாங்குவது 1954 ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டப்படி குற்றம். இன்னாருக்கு ஓட்டுப் போட்டால் சாமி குத்தம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைக் காதில் போட்டுக் கொள்வது நல்லது.

இனி இரண்டாவது கடை. இங்கே மாலையும் மேளமும் உண்டு. தேர்தல் நெருங்கியதும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வேட்பாளர்கள் கோயில் கோயிலாக ஏறி இறங்குவதைப் பார்க்கிறோம். நெற்றி நிறைய விபூதி, தோளில் பட்டு, கையில் நன்கொடைக் காசோலை, பக்கத்தில் படம் பிடிக்க ஓர் ஆள். "நான் உங்களில் ஒருவன், உங்கள் சாமிதான் என் சாமி" என்ற பேச்சு. அவர் சாமி கும்பிடுவதை நாம் குறை கூறவில்லை. கும்பிட்டதற்குக் கூலியாக நம்முடைய ஓட்டைக் கேட்பதைத்தான் கண்டிக்கிறோம்.

இந்தக் கடையில் நாம் எத்தனை ஆண்டு வாங்கினோம்! பலன் என்ன? 2007 அக்டோபர் 30 ஆம் தேதி, தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மகா மாரியம்மன் கோயிலை இடித்துத் தள்ளினார்கள். கோயிலின் பெயரால் ஓட்டுக் கேட்டவர்கள் எதிர்க்கட்சியிலா இருந்தார்கள்? மாநில ஆட்சியிலும் மத்திய ஆட்சியிலும் அங்கம் வகித்தார்கள். அவர்களுடைய விபூதி இயந்திரத்தை நிறுத்தவில்லை.

அந்தக் கோயில்கள் ஏன் இடிபடுகின்றன என்பதைத் தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் முன்னோர் பால் மரத்து நிரைகளுக்கு நடுவே கோயில் எழுப்பினார்கள். நிலம் கம்பெனியின் பெயரில் இருந்தது. கோயிலுக்கென்று தனிப் பட்டா எடுத்துக் கொடுப்பார் இல்லை. தோட்டம் வீடமைப்புக் கம்பெனிக்குக் கை மாறியதும், பல தலைமுறை கும்பிட்ட கோயில் ஒரே நாளில் சட்டவிரோதக் கட்டடம் ஆகிவிடுகிறது. தோட்டத் தமிழ்ப் பள்ளிக்கும் இதே கதை. நிலம் தனியாருடையது என்பதால் பல பள்ளிகள் பகுதி உதவியோடு காலம் தள்ளின. லயத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கும் இதே கதை. வேலை போன அன்றே வீடும் போகிறது. இது பட்டா விவகாரம், சட்ட விவகாரம், தொழிலாளி உரிமை விவகாரம். இதைத் தீர்க்க வேட்பாளரின் நெற்றி உதவாது. அவர் சட்டமன்றத்தில் எழுந்து நிற்கும் துணிவுதான் உதவும்.

2008 மார்ச் 8 ஆம் தேதி நம் மக்கள் இதைப் புரிந்து கொண்டு ஒரு காரியம் செய்தார்கள். கிள்ளானை அடுத்த கோத்தா ராஜா, நாட்டிலேயே இந்திய வாக்காளர்கள் மிகுந்த தொகுதிகளில் ஒன்று. அங்கே ம.இ.கா.வின் எஸ். விக்னேஸ்வரன் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். அவரை எதிர்த்து நின்றவர் பாஸ் கட்சியைச் சேர்ந்த டாக்டர் சித்தி மரியா மாமூட் என்ற முஸ்லிம் பெண்மணி. பாஸ் வந்தால் கோயிலுக்கும் குங்குமத்துக்கும் ஆபத்து என்று எத்தனை காலமாக நம்மைப் பயமுறுத்தி வந்தார்கள்! கோத்தா ராஜாவில் சித்தி மரியாதான் வென்றார். அதே நாளில் சுங்கை சிப்புட்டில், 1974 முதல் அந்தத் தொகுதியை வைத்திருந்த டத்தோ ஸ்ரீ சாமிவேலுவை, தோட்டத் தொழிலாளரோடு நின்று போராடிய டாக்டர் மைக்கேல் ஜெயக்குமார் தோற்கடித்தார். மைக்கேல் என்ற பெயர் அவருக்குத் தடையாகவில்லை.

"வேற்று மதத்தானுக்கு ஓட்டுப் போட்டு என்ன கண்டீர்கள்?" என்று சிலர் கேட்டார்கள். 2009 இல் பதில் கிடைத்தது. ஷா ஆலம் 19 ஆவது பிரிவிலிருந்த மாரியம்மன் கோயிலை 23 ஆவது பிரிவுக்கு மாற்ற மாநில அரசு முடிவு செய்தது. ஆகஸ்ட் 28 ஆம் தேதி ஒரு கூட்டம் மாட்டுத் தலையைத் தூக்கிக் கொண்டு அரசாங்கச் செயலகத்துக்கு வந்தது. அந்தத் தொகுதியின் உறுப்பினர் காலிட் சமாட், பாஸ் கட்சிக்காரர். பெரும்பான்மையோர் கோபத்தோடு ஓடிப் போயிருந்தால் அவருக்கு ஓட்டு மிச்சம். அவர் ஓடவில்லை. செப்டம்பரில் நடந்த பொதுக்கூட்டத்தில் தம் மதத்தவரே வசை பொழிந்தபோதும், இந்துக்களுக்குக் கோயில் வேண்டும் என்பதில் நின்றார். பாடாங் ஜாவாவில் நம் நெற்றியைக் கொண்டவர்கள் நமக்கு உதவவில்லை. ஷா ஆலத்தில் தொழுகைத் தொப்பி அணிந்த ஒருவர் நின்றார்.

இதைச் சொல்வதால் நாம் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்கவில்லை. அந்த இருவரும் 2015 இல் அமானா கட்சிக்குப் போனார்கள். அவர்கள் விட்டு வந்த கட்சி வேறு பாதையில் போயிற்று. கட்சிகள் மாறும், கூட்டணிகள் மாறும். அதனால்தான் கொடியைப் பார்த்தும் ஏமாறாதீர், கோயிலைப் பார்த்தும் ஏமாறாதீர் என்கிறோம்.

கடல் கடந்த ஒரு பாடமும் நமக்கு உண்டு. அது தோட்டத் தொழிலாளியின் இரத்தத்தில் எழுதப்பட்ட பாடம். 1898 இல் நம் ஈப்போவில் பிறந்தவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம். பிற்காலத்தில் இலங்கைத் தமிழர் அவரைத் தந்தை செல்வா என்று அழைத்தார்கள். அவர் கிறிஸ்தவர், அவருக்கு ஓட்டுப் போட்ட காங்கேசன்துறை மக்களில் பெரும்பாலோர் சைவர்கள். கிறிஸ்தவர் எப்படிச் சைவத் தமிழருக்குத் தலைமை தாங்கலாம் என்ற பேச்சை எதிரிகள் எழுப்பாமல் இல்லை.

ஆனால் 1948 இல் நடந்தது என்ன? மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம்மவரின் குடியுரிமையை இலங்கைச் சர்க்கார் பறித்தது. 1947 தேர்தலில் ஏழு உறுப்பினர்களை அனுப்பியிருந்த அந்தத் தோட்ட மக்களால் 1952 இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. ஓட்டே இல்லாமல் செய்துவிட்டார்கள். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அதே 1948 இல் அந்தச் சர்க்காரில் மந்திரியானார். செல்வநாயகம் மந்திரி பதவியின் பக்கம் திரும்பவில்லை; தோட்டத் தொழிலாளியின் பக்கம் நின்று கட்சியை விட்டு வெளியேறி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மலைநாட்டில் அவருக்கு ஓர் ஓட்டும் கிடையாது. அந்த மக்களின் மாரியம்மனும் முருகனும் அவர் வணங்கும் தெய்வங்கள் அல்ல. ஆனாலும் அநீதியை அநீதி என்று சொன்னார். 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பங்கு பிரித்தபோது, அந்தத் தொழிலாளர்களைக் காப்பாற்ற எந்தத் தலைவரின் திருநீறு குறுக்கே வந்தது? சொல்லுங்கள் தோழர்களே!

"அப்படியானால் வேட்பாளரின் மதத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கக் கூடாதா?" என்று ஒரு கிராணி நண்பர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் யாரை வணங்குகிறார் என்பது அவருடைய வீட்டு விஷயம். ஆனால் தம் மத விதியைச் சட்டமாக்கப் போகிறேன் என்று அவர் சொன்னால், அது நம்முடைய வீட்டு விஷயமும் ஆகிவிடுகிறது. 2016 இல் ஷரியா நீதிமன்றத் தண்டனைகளை உயர்த்தும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதைப் பற்றி வேட்பாளரின் கருத்து என்ன என்று கேட்பது மத வெறி அல்ல, குடிமகனின் கடமை. அமெரிக்காவில் 1960 இல் ஜான் கென்னடி ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றபோது, கத்தோலிக்கரான இவர் ரோமாபுரியின் சொல்லைத்தான் கேட்பார் என்றார்கள். அவர் ஓடி ஒளியவில்லை. செப்டம்பர் 12 ஆம் தேதி ஹூஸ்டன் நகரில் புரொட்டஸ்டண்ட் போதகர்கள் முன்னிலையில் நின்று, நாட்டு நலனைப் பார்த்தே முடிவெடுப்பேன், எந்தச் சபையின் கட்டளைக்கும் பணிய மாட்டேன், மனசாட்சிக்கும் பதவிக்கும் முரண் வந்தால் பதவியை விடுவேன் என்று விளக்கினார். ஒரு வேட்பாளரிடம் நாம் கேட்க வேண்டிய விடை அதுதான். அவருடைய ஜெபமாலையை எண்ணிப் பார்ப்பது நம் வேலையல்ல.

நாம் நாத்திகப் பிரசாரம் செய்யவில்லை. கடவுளுக்கு அஞ்சுகிறவன் ஏழையின் வயிற்றில் அடிக்க மாட்டான் என்றால், மிகவும் நல்லது; அந்த அச்சத்தைக் காரியத்தில் காட்டட்டும். பிரிக்பீல்ட்ஸில் கந்தசுவாமி கோயிலும், புத்த மகா விகாரையும், பாத்திமா மாதா தேவாலயமும், லூத்தரன் தேவாலயமும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அங்கே வாழும் மக்கள் ஒரே கடையில் அரிசி வாங்கி, ஒரே பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். தோட்டத்திலும் அப்படித்தான். வெட்டுகிறவன் மாரியம்மனைக் கும்பிடுவான்; கணக்கு எழுதும் கிராணி மாதா கோயிலுக்குப் போவார்; மண்டோர் வெள்ளிக்கிழமை தொழப் போவார். பால் ஸ்டோரில் தொங்கும் தராசு இவர்களில் எவருக்கும் மதம் பார்த்து நிறுக்கவில்லை. முதலாளி கூலியைக் குறைத்தபோதும் மதம் பார்த்துக் குறைக்கவில்லை. சங்கத்தில் ஒரே சந்தா கட்டி ஒன்றாக நின்ற நம்மை, ஓட்டுப் பெட்டிக்கு முன்னால் மட்டும் தனித் தனியாகப் பிரித்து நிறுத்துவது யாருக்கு லாபம்?

ஆகவே, வேட்பாளர் உம்முடைய வாசலுக்கு வரும்போது நாற்காலி போட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, இப்படிக் கேளுங்கள்:

ஐயா, 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மழை பெய்து மரம் வெட்ட முடியாத மாதத்திலும் அது எங்கள் கைக்கு முழுதாக வருவதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?

தோட்டம் விற்கப்பட்டால் எங்களுக்கு வீடு எங்கே? எந்த நிலத்தில்? யார் செலவில்?

எங்கள் கோயிலுக்கும், பக்கத்துத் தோட்டத்துச் சர்ச்சுக்கும், சூராவுக்கும் பட்டா வாங்கித் தரச் சட்டமன்றத்தில் எழுந்து பேசுவீர்களா? தமிழ்ப் பள்ளி நிலத்தைப் பள்ளியின் பெயருக்கு மாற்றித் தருவீர்களா?

உங்கள் மதத்தவர் தவறு செய்து, வேற்று மதத்தான் பாதிக்கப்பட்டால், எந்தப் பக்கம் நிற்பீர்கள்?

கடைசிக் கேள்விக்கு அவர் தடுமாறினால், அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் வேண்டாம். நேராகப் பார்த்துப் பதில் சொன்னால், அதைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அந்தக் குறிப்போடு அவரைச் சந்தியுங்கள்.

கடவுளுக்கு நம் ஓட்டுத் தேவையில்லை. அவர் எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை. நிற்பவன் மனிதன், அவனை மனிதனுக்குரிய அளவுகோலால் அளப்போம். விழிப்போடு இருங்கள் தோழர்களே!